பழுப்பு ஒயருக்குப் பியூஸ் இல்லை

வானொலி நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், தேவகோட்டைப் பக்கம் பெரிய வீட்டு ஷெட்டுகளில் மோரிஸ் மைனரும் ஆஸ்டினும் ஸ்டாண்டர்டு ஹெரால்டும் இன்னும் நிற்கின்றன. கல்யாணம் வந்தால்தான் வெளியே வரும். பாலிஷ் போடுவார்கள், டயருக்குக் காற்றடிப்பார்கள், பூ அலங்காரத்துக்கு ஆள் சொல்வார்கள். பேனட்டைத் திறந்து ஒயரைப் பார்க்கத்தான் ஆள் கிடையாது.

மாப்பிள்ளை அழைப்பு ஒன்று. ஊர் பெயர் வேண்டாம். மோரிஸ் மைனரைச் சுற்றிச் சின்ன பல்புச் சரம் கட்டிய பையன், அதற்கு மின்சாரம் எங்கே எடுப்பது என்று டேஷ்போர்டுக்கு அடியில் துழாவினான். தடித்த பழுப்பு ஒயர் ஒன்றில், சாவி போடாமலே மின்சாரம் வந்தது. பிளேடால் சுரண்டி, இன்னொரு ஒயரை முறுக்கி, டேப் சுற்றிவிட்டான். கோயில் வாசலுக்குப் போவதற்குள் சூட்டில் டேப்பின் பசை இளகி நழுவியது. செம்பு தகரத்தைத் தொட்டது. ஸ்டீயரிங்குக்கு அடியிலிருந்து புகை! மாப்பிள்ளை மாலையோடு கீழே குதித்தார். டிரைவர் சாவியைப் பிடுங்கினார். புகை நிற்கவில்லை. ஒரு ஆச்சி, “தண்ணீர் கொண்டாங்கப்பா” என்று சத்தம் போட்டார். கூட்டத்தில் இருந்த ஒரு லாரி டிரைவர் பேனட்டைத் திறந்து பேட்டரி கேபிளை முறுக்கிப் பிடுங்கிய பிறகுதான் அடங்கியது.

சாவியை எடுத்தும் ஏன் நிற்கவில்லை? அந்தக் கால பிரிட்டிஷ் கார்களில், கார் மின்சாமான் செய்யும் லூகாஸ் கம்பெனியின் ஒயரிங்தான். அதில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேரே வருவது. சாவியும் அதைத் தடுக்காது, பியூஸும் தடுக்காது. பச்சை, பியூஸ் வழியாக வருவது. நீலம் ஹெட்லைட், கறுப்பு எர்த், அதாவது காரின் தகர உடம்போடு சேர்வது. மோரிஸ் மைனரில் மொத்தமே இரண்டு பியூஸ்தான், ஹெட்லைட்டுக்குக்கூடக் கிடையாது. மறுபடி சொல்கிறேன்: பழுப்பு ஒயருக்குப் பியூஸ் இல்லை. அதில் யாரையும் கைவைக்க விடாதீர்கள்.

இருக்கிற இரண்டு பியூஸையாவது விட்டுவைக்கிறோமா? கண்ணாடிக் குழாய்க்குப் பதில் சிகரெட் பெட்டியின் ஜிகினாத்தாளைச் சுருட்டிச் செருகியிருப்பார்கள். வீட்டில் பியூஸ் போனால் செம்புக் கம்பியைக் கட்டுகிற கைதானே! பியூஸ் காப்பது ஒயரை. உள்ளே இருக்கிற சன்னக் கம்பி முதலில் உருகினால்தான் ஒயர் பிழைக்கும். ஜிகினாத்தாள் உருக மறுத்தால், தாத்தா வாங்கிய காரின் ஒயர் முழுவதும் பியூஸாகிவிடும்.

இன்னொரு சூட்சுமம். லூகாஸ் கண்ணாடிப் பியூஸில் 35 ஆம்பியர் என்று அச்சிட்டிருந்தால், அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது ஏறக்குறைய 17தான். இன்றைய பிளேடு பியூஸில் போட்டிருக்கும் எண்ணோ தொடர்ந்து தாங்கும் அளவு. எண்ணைப் பார்த்து 35க்கு 35 வாங்கிப் போட்டால், ஒயர் தாங்குவதைப்போல் இருமடங்குக்கு வழிவிட்டதாகும். கடைக்காரர் இதையெல்லாம் சொல்லமாட்டார்.

செய்ய வேண்டியது, பழுப்பு ஒயர் புறப்படும் இடத்திலேயே ஒரு மெயின் பியூஸ். ஸ்டார்ட்டருக்குப் போகும் பருத்த கேபிளில் அது வேண்டாம். ஸ்டார்ட்டர் இழுக்கும் மின்சாரத்துக்கு நிற்காது. கூடவே பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். கார் ஷெட்டுக்குப் போனதும் அணைத்துவிடலாம்.

துணி சுற்றிய பழைய ஒயரை நம்பாதீர்கள். மேலே துணி திடமாக இருக்கும். ஹெட்லைட்டுக்குப் பின்னால் ஒரு முனையை லேசாக வளைத்துப் பாருங்கள். உள்ளே ரப்பர் பொரிந்து கறுப்புத் தூளாகக் கொட்டும். அப்படிக் கொட்டினால் ஒட்டுப்போட வேண்டாம், முழு ஒயரிங்கையும் மாற்றிவிடுங்கள்.

பேட்டரி முனையில் பச்சை பூத்திருந்தால் அந்த இடம் சூடேறும். துருவையும் பேட்டரியையும் ஆராயும் மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் 1953 முதல் நடக்கிற ஊர் காரைக்குடி. நம் காரிலேயே இப்படிப் பூக்கவிட்டால் நன்றாகவா இருக்கிறது?

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். ஒயரைக் கடிக்கிற எலியைப் பற்றி நிறையச் சொல்ல வைத்திருந்தேன். மற்றதை மட்டும் சுருக்கமாக: 100 வாட் ஹெட்லைட் பல்பு இரண்டு போட்டால் 16 ஆம்பியருக்கு மேல் இழுக்கும், சுவிட்சுக்குப் பதில் அந்த மின்சாரத்தைத் தாங்கும் ரிலே இல்லாமல் போடாதீர்கள். தகரத்தைத் துளைத்து ஒயர் போகுமிடத்தில் ரப்பர் வளையம் இருக்கிறதா பாருங்கள். பெட்ரோல் குழாயில் கசிவு இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். பேட்டரியைக் கழற்றும்போது எர்த் முனைதான் முதலில். பழைய மோரிஸ் மைனரில் அது பாசிட்டிவ் பக்கம் இருக்கும், பார்த்துக் கழற்றுங்கள். எலி இன்னொரு நாளைக்கு. வணக்கம்.