கிளறிக்கொண்டே நிற்க வேண்டாத ரிசோட்டோ

நேயர்களுக்கு வணக்கம்.

ரிசோட்டோ, அதாவது இத்தாலியர்களின் குழைவான அரிசி உணவு, என்றாலே பலரும் தயங்குவதற்கு ஒரே காரணம்தான்: அடுப்பை விட்டு நகரக் கூடாது என்பார்கள். இருபது நிமிடம் கரண்டியும் கையுமாக நின்று, கொதிக்கிற காய்கறிச் சாற்றை அகப்பை அகப்பையாக ஊற்றிக் கிளறிக்கொண்டே இருக்க வேண்டுமாம். மிலானிலும் வெரோனாவிலும் அப்படித்தான் செய்கிறார்கள், ருசியாகவும் இருக்கிறது. ஆனால் வேலை முடிந்து களைத்து வருகிற நாளில் அதற்கு யாருக்குத் தெம்பு? பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பல வீடுகளில் அதை மூடி போட்டு ஓவனுக்குள் தள்ளிவிடுகிறார்கள். இத்தாலியப் பாட்டிமார் முகம் சுளிக்கலாம். நான் ஓவன் கட்சி.

ரிசோட்டோவின் குழைவு கிரீமிலிருந்து வருவதில்லை. கிரீம் ஊற்றுகிற உணவகங்கள் உண்டு, அது குறுக்கு வழி. குழைவு முழுக்க அரிசியின் மாவுச்சத்து தருவது. வட இத்தாலியில், 1866இல் திறந்த காவூர் கால்வாய் பாயும் வெர்செல்லி, நொவாரா வட்டாரத்து வயல்களில் குட்டையும் பருமனுமான அரிசி விளைகிறது. ஆர்போரியோ என்பது அங்கே உள்ள ஓர் ஊர். அந்த அரிசிக்கும் அதே பெயர். கார்னரோலி என்ற ரகம் கிடைத்தால் இன்னும் நல்லது, சற்றுக் கூடுதலாக வெந்தாலும் நடுவில் பதம் விடாது. இந்த ரகங்களில் அமைலோபெக்டின் என்ற மாவுச்சத்து அதிகம். அது சூடான சாற்றில் கரைந்து, சாற்றையே கெட்டியாக்குகிறது. பாஸ்மதியில் இது நடக்காது. உதிரி உதிரியாக நிற்கும்.

அதனால் இந்த அரிசியைக் களையவே கூடாது. நம் கை சும்மா இருக்காது என்று எனக்குத் தெரியும். அரிசியைப் பார்த்தாலே தண்ணீர் ஊற்றி இரண்டு அலசு அலசத் தோன்றும். இங்கே அந்தக் கழுநீரோடு போவதுதான் ரிசோட்டோ.

நான்கு பேருக்கு 300 கிராம் அரிசி, 900 மில்லி காய்கறிச் சாறு. இன்னொரு டம்ளர் சாறு அடுப்பில் சூடாகவே இருக்கட்டும். வெங்காயம், கேரட், செலரி, பிரிஞ்சி இலை, நாலு மிளகு போட்டு முக்கால் மணி நேரம் கொதிக்க வைத்து வடிகட்டினால் சாறு தயார். உப்பைக் குறைத்துப் போடுங்கள், பின்னால் சீஸ் வருகிறது.

அடி கனமான, மூடியுள்ள வார்ப்பிரும்புப் பாத்திரம் எடுத்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் பிடி மட்டும் வேண்டாம். ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடாக்குங்கள். அடுப்பில் வெண்ணெய் உருகியதும் பொடியாக அரிந்த வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, அரிசியைப் போட்டு இரண்டு மூன்று நிமிடம் வறுங்கள். அரிசியின் ஓரம் கண்ணாடி போலத் தெரியும், நடுவில் வெள்ளைப் புள்ளி நிற்கும், அதுதான் பதம். ஒயின் சேர்ப்பவர்கள் இப்போது அரை டம்ளர் ஊற்றி வற்ற விடலாம். வேண்டாதவர்கள் கடைசியில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள், அந்தப் புளிப்புக்காகத்தான் ஒயினே.

காய்களில் பரங்கிக்காய்தான் எனக்குப் பிடித்தது. வட இத்தாலியின் மாந்துவா நகரப் பக்கத்தில் அதை வைத்தே ரிசோட்டோ செய்கிறார்கள். சிறு துண்டுகளாக அரிசியோடு சேர்ந்தே வேகட்டும், பாதி கரைந்து நிறம் கொடுக்கும். காளானைத் தனியே வதக்கிச் சேருங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். பட்டாணியும் கீரையும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு.

இனி 900 மில்லி சாற்றையும் அரிசியில் ஊற்றி, பாத்திரத்தை மூடி ஓவனுக்குள் வையுங்கள். சாறு கொதிக்கக் கொதிக்க உள்ளே போக வேண்டும். ஆறிய சாற்றை ஊற்றினால் ஓவன் முதல் பத்து நிமிடத்தை அதைச் சூடாக்கவே செலவழிக்கும். மூடி இறுக்கமாக இல்லையென்றால் அலுமினியத் தாளைப் போர்த்தி மூடுங்கள். இருபதாவது நிமிடம் ஒருமுறை திறந்து ஓர் அரிசியைக் கடித்துப் பாருங்கள். பெரும்பாலும் 25 நிமிடம் ஆகும்.

வெளியே எடுத்ததும் பார்க்கச் சாதாரணச் சோறாகத்தான் இருக்கும். மனம் தளர வேண்டாம். மிச்சம் வைத்த சூடான சாற்றில் கொஞ்சம், ஒரு பெரிய துண்டுக் குளிர்ந்த வெண்ணெய், ஒரு கை துருவிய பார்மிஜானோ சீஸ் சேர்த்து, மரக்கரண்டியால் இரண்டு நிமிடம் அடித்துக் கிளறுங்கள். அரிசிகள் ஒன்றோடொன்று உரசி மாவுச்சத்தை விடும். கண் முன்னாலேயே நெய் தளும்பும் வெண்பொங்கல் பதத்துக்கு இளகி வரும். தட்டில் ஊற்றினால் தானாகப் பரவ வேண்டும். குவிந்து நின்றால் இன்னும் ஒரு கரண்டி சாறு விடுங்கள்.

சைவர்கள் கவனத்துக்கு: பார்மிஜானோவில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த ரெனெட் (பாலைத் திரிய வைக்கும் பொருள்) சேர்கிறது. சைவ ரெனெட் என்று உறையில் அச்சிட்ட வேறு கெட்டி சீஸ் வாங்குங்கள்.

மீந்துவிட்டால் சீக்கிரம் ஆறவைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் மிலான்காரர்கள் அதைத் தோசைக்கல் அளவுக்குத் தட்டி, வெண்ணெயில் இருபுறமும் மொறுமொறுவென்று சுட்டுச் சாப்பிடுகிறார்கள். அதற்காகவே நான் 300 கிராம் அரிசிக்குப் பதில் 400 போடுவேன். சாற்றையும் அதே கணக்கில் 1200 மில்லியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். வணக்கம்.