வெள்ளரிக்காய்த் தோலைச் சீவும் முன் ஒரு நிமிடம்!

(காட்சி: கத்தி முனை ஆப்பிளைச் சுரண்டுகிறது. வெள்ளை வெள்ளையாகச் செதில் உதிர்கிறது.)

இந்த மாதிரி வீடியோ உங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கும் வந்திருக்கும். “இது கார் பாலிஷ்! இதைத்தான் பிள்ளைக்குக் கொடுக்கிறீர்கள்!” என்று பின்னால் ஒரு குரல் அலறும். எங்கள் வீட்டில் இதைப் பார்த்த நாளிலிருந்து அம்மா திமுனை, அதாவது வெள்ளரிக்காயை, தோல் சீவாமல் வெட்டுவதே இல்லை. நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றின் ஓரத்தில் பச்சை விளிம்போடு உட்கார்ந்திருக்குமே இரண்டு வட்டத் துண்டு, அது இப்போது வெளிறிப்போய்க் கிடக்கிறது.

வணக்கம், மலேசியாவின் பினாங்கிலிருந்து பேசுகிறேன். அந்த வெள்ளைச் செதில் மெழுகு. அதைப் பற்றித் தெரிந்ததை எல்லாம் சொல்லப் போகிறேன். ஆனால் எனக்கு உண்மையிலேயே பயம் தந்தது மெழுகு இல்லை. அம்மா சீவும்போது சொன்ன ஒரு வார்த்தை: “தோலைத்தான் எறியப் போறேனே, அதை எதுக்குக் கழுவணும்?” இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பி வருவோம்.

எதற்காக மெழுகு பூசுகிறார்கள்? வெள்ளரிக்காயில் சுமார் 95 சதவீதம் தண்ணீர். பறித்த நிமிடத்திலிருந்து அது தோல் வழியாக வெளியேறும், காய் வதங்கும். குளிரில் வைத்துக் காப்பாற்றலாம் என்றால், 10 டிகிரி செல்சியசுக்குக் கீழே பல நாள் கிடந்தால் தோலில் குழி விழுந்து அழுகிவிடும். அதனால் அமெரிக்கா போன்ற நாடுகளில் வெகுதூரம் போகிற காய்க்கு ஒன்றிரண்டு சொட்டு மெழுகு பூசி விடுகிறார்கள். அவ்வளவுதான்.

சரி, இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன்.

(காட்சி: வாழை இலையில் ரசம் உருண்டு ஓடுகிறது.)

வாழை இலையில் ரசம் ஊற்றினால் ஏன் இப்படி ஓடுகிறது? ஓரத்துக்கு வருவதற்குள் சோற்றால் அணை கட்ட வேண்டியிருக்கிறதே, ஏன்? இலையின் மேல் இயற்கையான மெழுகு இருக்கிறது. தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாததற்கும் மெழுகு ஒரு காரணம். திராட்சை மேல் சாம்பல் பூத்த மாதிரி தெரிவதும் மெழுகுதான். ஆப்பிளும் மரத்திலேயே தனக்கு மெழுகு பூசிக்கொள்ளும். சுடுசோற்றை மெழுகின் மேல் போட்டுத் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிட்டு வந்தவர்கள் நாம்!

நம் திமுன் மேல் விரலால் தடவினால் வெள்ளையாக மாவு மாதிரி வருமே, அதைப் பூச்சிமருந்து என்று நினைக்கிறவர்கள் நிறைய. அது பெரும்பாலும் சிலிக்கா. மணலில் இருக்கிற அதே பொருளைச் செடி வேரால் உறிஞ்சித் தோலுக்குக் கொண்டு வருகிறது. ஜப்பானிலும் மக்கள் இதைப் பூச்சிமருந்து என்று நினைத்து வாங்கத் தயங்கினார்கள். அங்கே விவசாயிகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சிலிக்காவை அதிகம் உறிஞ்சாத பூசணி வேரில் வெள்ளரியை ஒட்டுக்கட்டி, மாவு பூக்காத பளபள வெள்ளரியையே உருவாக்கிவிட்டார்கள். 1980களிலிருந்து அதுதான் அங்கே கடைகளை நிறைத்தது. ஒரு தவறான சந்தேகம் ஒரு நாட்டின் காயையே மாற்றியிருக்கிறது. எனக்கு இது ஆச்சரியம் தீராத கதை.

அப்புறம், பூசுகிற மெழுகு. பிரேசில் நாட்டுப் பனைவகை மரம் ஒன்றின் இலையிலிருந்து வரும் கார்னாபா, உணவில் சேர்க்கிற பொருள்களுக்கு ஐரோப்பாவில் தருகிற வரிசையில் அதற்கு இ 903 என்று எண். தேன்மெழுகு இ 901. பெட்ரோலியத்திலிருந்து எடுத்துச் சுத்திகரித்த மெழுகும் உண்டு. அதற்கும் அனுமதி இருக்கிறது, எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை.

ஆனால் இ 904 இருக்கிறதே, அது என்ன தெரியுமா? அரக்கு. ஆமாம், நம் அரக்கேதான்! பாண்டவர்களை உள்ளே வைத்து எரிக்கத் துரியோதனன் வாரணாவதத்தில் கட்ட வைத்தானே மாளிகை, அந்த அரக்கு. பாட்டிமார் வளையலில் இருந்த அரக்கு. தபாலுக்கு முத்திரை வைத்த அரக்கு. மிகச் சின்னப் பூச்சி ஒன்று, புரச மரத்திலும் இலந்தையிலும் கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு குடித்து, தன்னைச் சுற்றிப் பிசினைச் சுரந்து வீடு கட்டுகிறது. கிளையோடு வெட்டி எடுத்தால் அது கொம்பரக்கு. அதைச் சுரண்டி, கழுவி, உருக்கி, துணியில் வடிகட்டித் தகடாக இழுக்கிறார்கள். இந்தியாவில் ஜார்க்கண்டிலும், நமக்குப் பக்கத்தில் தாய்லாந்திலும் இந்தத் தொழில் இருக்கிறது. தாத்தா காலத்து 78 சுற்று இசைத்தட்டு இருந்ததே, கீழே விழுந்தால் உடையுமே, அதிலும் அரக்குதான். இன்று மாத்திரையின் பளபளப்பிலும், மிட்டாயின் மினுமினுப்பிலும், ஆப்பிள், ஆரஞ்சுத் தோலிலும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. எத்தனை பெரிய பயணம் பாருங்கள்!

புரட்டாசி விரதம், தைப்பூச விரதம் இருக்கிறவர்கள் இங்கே யோசிப்பீர்கள்: பூச்சி சுரந்தது சைவமா? தேன் சைவம் என்று கொள்கிறவர்களுக்கு இதுவும் பெரிய உறுத்தலாக இருக்காது. ஆனால் அரக்கு எடுக்கும்போது பூச்சிகள் சாகின்றன, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முடிவு உங்களுடையது.

“கார் பாலிஷ்” விஷயத்துக்கு வருவோம். கார்னாபா கார் பாலிஷிலும் சேர்க்கப்படுவது உண்மை. தேங்காய் எண்ணெயைத் தலைக்குத் தேய்க்கிறோம், விளக்கில் ஊற்றுகிறோம், குழம்பும் தாளிக்கிறோம். தலைக்குத் தேய்க்கிறோம் என்பதற்காக அது விஷமாகிவிடுமா? உலகச் சுகாதார அமைப்பும் ஐநாவின் உணவு வேளாண் அமைப்பும் சேர்ந்து நடத்தும் நிபுணர் குழு, கார்னாபா ஒரு கிலோ உடல் எடைக்கு நாளுக்கு 7 மில்லிகிராம் வரை போனால் கவலையில்லை என்கிறது. 60 கிலோ ஆளுக்கு 420 மில்லிகிராம். பூசிய சொட்டு காய்ந்து தோலில் மிஞ்சுகிற படலம் மிகமிகக் கொஞ்சம். இந்த வகை மெழுகுகளில் பெரும்பகுதி செரிக்காமல் அப்படியே வெளியே போய்விடும்.

சரி, நம் பினாங்குத் திமுனுக்கு யாராவது மெழுகு பூசுகிறார்களா? ஆயர் ஈத்தாம் பசாரில் காய்கறி விற்கும் அக்காவிடமே கேட்டேன். சிரித்துவிட்டார். “கிலோ மூணு நாலு வெள்ளிக்கு விக்கிற காய் தம்பி. மெழுகு பூச ஆள் வச்சா எனக்கு என்ன மிஞ்சும்? காலையில வருது, சாயங்காலத்துக்குள்ள முடியுது.” காரணம் அவ்வளவு எளிது. தோட்டத்திலிருந்து சீக்கிரம் வந்து சீக்கிரம் தீர்கிற காய்க்குப் பொதுவாக மெழுகு தேவைப்படாது. கப்பலேறி வருகிற ஆப்பிளிலும் ஆரஞ்சிலும்தான் எதிர்பார்க்க வேண்டும். ஆரஞ்சு மெழுகில் பூஞ்சைக்கொல்லி கலப்பதும் உண்டு. தோலைத் துருவிக் கேக்கில் போடுகிறவர்கள் மட்டும் கவனியுங்கள்.

பூச்சிமருந்து? அந்தக் கவலை நியாயமானது. மெழுகு பூசிய காயாக இருந்தால், அடியில் இருக்கும் மருந்தை அது பிடித்து வைத்துக்கொள்ளலாம், தண்ணீர் மட்டும் போதாது. 2017இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆப்பிளை வைத்துச் சோதித்தார்கள். சமையல் சோடா கரைத்த தண்ணீரில் 12 முதல் 15 நிமிடம் ஊறவைத்தபோது தோல் மேலிருந்த இரண்டு மருந்துகள் நீங்கின. ஆனால் ஒன்றில் 20 சதவீதம் ஏற்கெனவே உள்ளே இறங்கியிருந்தது, அதை எந்தக் கழுவலும் எடுக்கவில்லை. அதனால் மெழுகு பூசியது என்று தெரிந்த காயைச் சீவுவதில் தப்பே இல்லை.

இப்போது அம்மாவின் வார்த்தைக்கு வருகிறேன். தயவுசெய்து இந்த ஒரு பகுதியை மட்டுமாவது முழுசாகப் பாருங்கள்.

2015இல் அமெரிக்காவில் மெக்சிகோவிலிருந்து வந்த வெள்ளரிக்காயால் சால்மோனெல்லா கிருமி பரவியது. 40 மாநிலங்களில் 907 பேருக்கு நோய். 6 பேர் இறந்தார்கள். கிருமிக்கு மண்ணும் தண்ணீரும் கையும் போதும். கழுவாத காயைச் சீவும்போது தோலில் இருக்கிற கிருமி சீவுகிற கத்தியில் ஏறும், கத்தி உள்ளே இறங்கும்போது வெள்ளைச் சதைக்குப் போகும், அங்கிருந்து பலகைக்கு. தோலை எறிந்துவிட்டோம் என்ற நிம்மதியோடு அந்தத் துண்டைக் குழந்தை கையில் கொடுப்போம். நம் ஊரில் திமுனைச் சமைத்தா சாப்பிடுகிறோம்? பசெம்பூர், ரோஜாக் என்கிற கலவைகளிலும், சாத்தே என்கிற குச்சி இறைச்சி பக்கத்திலும் எல்லாம் பச்சையாகத்தானே!

எனவே சீவினாலும் சரி, சீவாவிட்டாலும் சரி, கத்தி படும் முன் கழுவுங்கள். ஓடுகிற தண்ணீரில் கையால் நன்றாகத் தேய்த்து, முடிந்தால் அதற்கென்று வைத்த பிரஷால் உரசி, சுத்தமான துணியில் துடையுங்கள். பாத்திரம் கழுவும் சோப்பு வேண்டாம், தோல் அதை உறிஞ்சிக்கொள்ளும். கழுவிய உள்ளூர்த் திமுனை நான் தோலோடுதான் சாப்பிடுகிறேன். 100 கிராம் வெள்ளரியில் தோலோடு 16 மைக்ரோகிராம் வைட்டமின் கே இருக்கும், சீவினால் 7தான். அந்தக் கறுக் முறுக் சத்தத்துக்காகவும் சேர்த்துத்தான்.

கசந்தால் மட்டும் சீவுங்கள். கசப்புச் சத்து காம்புப் பக்கமும் தோலுக்கு அடியிலும்தான் அதிகம். காம்பு நுனியை வெட்டி, வெட்டிய துண்டாலேயே வட்டமாகத் தேய்த்து நுரை வர வைப்பார்களே, அதில் கசப்பைக் குறைப்பது தேய்ப்பதைவிட நுனியை வெட்டி எறிவதுதான் என்பது என் எண்ணம். உங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் இருக்கிறதா? அடுத்த முறை ஒரே காயில் ஒரு பக்கம் தேய்த்தும் மறுபக்கம் தேய்க்காமலும் கடித்துப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கம் கசந்தது என்று கீழே எழுதுங்கள்.