இறக்கி வைக்க ஒரு கல்

(ஈஸ்டருக்கு முந்தின தவக்காலமான லெந்து நாட்களில் ஏற்காட்டில் கூடிய பெண்கள் கூடுகையில் பேசியது. பேச்சு நடையைப் பெரிதும் மாற்றவில்லை.)

கர்த்தருக்குள் அன்பான அக்கா தங்கச்சிமாரே,

காலையில் பஸ்ஸில் ஏறி வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கேட்டார்: "இருபது கொண்டை ஊசி வளைவையும் வாழ்க்கைப் பாதைன்னு வெச்சுப் பேசிடுவீங்களா?" மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஏற்காட்டுக்குப் பேச வருகிறவர்கள் எல்லாரும் அதைப் பேசி முடித்துவிட்டார்கள். நம் சேலத்தை ஆதியாகமத்துச் சாலேமோடு முடிச்சுப் போடவும் மாட்டேன். அந்தச் சாலேமின் ராஜா மெல்கிசேதேக்கு நம்ம ஊர்க்காரர் இல்லை. 'சைலம்' என்றால் மலை, அதிலிருந்து வந்த பேர் என்று சொல்கிறவர்கள் உண்டு. நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை, கோதுமலை, இந்தச் சேர்வராயன் மலை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை நிற்கிற ஊருக்கு அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

நான் பிரசங்கியார் இல்லை. 34 வருஷம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். "கஷ்ட காலத்தில் விசுவாசம்" என்று தலைப்புக் கொடுத்தபோது ஆயர் அம்மாவிடம் ஒன்று சொன்னேன்: அழகாகப் பேச எனக்கு வராது, நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கொலுசுப் பட்டறை. கூலிப் பட்டறைதான். செவ்வாய்பேட்டை வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். உருக்கி, கம்பி இழுத்து, பற்றவைத்து, மெருகேற்றிக் கொலுசாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சேதாரம் போகக் கணக்கு நேராக வேண்டும். கூலி நமக்கு. 2010 கடைசியில், எங்களோடு கூட்டாக வேலை பார்த்த ஒருவர் வியாபாரிகள் கொடுத்த வெள்ளியோடு ஒரே ராத்திரியில் காணாமல் போனார். கணக்கெல்லாம் என் வீட்டுக்காரர் பேரில். கடன் ரூபாயில் இல்லை, கிலோவில். பட்டறை வைத்திருக்கிறவர்களுக்கு இது உடனே புரியும். 2011 ஏப்ரலுக்குள் வெள்ளி கிலோ 70,000 ரூபாயைத் தாண்டிப் போயிற்று. ஒரு ரூபாய்கூடப் புதுசாக வாங்காமலே எங்கள் கடன் தினமும் வளர்ந்தது. காலையில் பேப்பரில் விலையைப் பார்க்கப் பயந்து பேப்பரையே நிறுத்தினோம்.

அந்த மே மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை போயிற்று, பேச்சும் போயிற்று. கொலுசு பற்றவைக்கிறவருக்கு வலது கை என்றால் என்ன என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சபையிலிருந்து நிறையப் பேர் வந்து பார்த்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "கவலைப்படாதீங்க சிஸ்டர், தாங்க முடியாத பாரத்தை ஆண்டவர் தரமாட்டார்." நல்ல மனசோடுதான் சொன்னார்கள். நானும் வார்டில் எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லியிருக்கிறேன். என் தலையில் வந்து விழுந்தபோதுதான் அந்த வாக்கியத்தின் கனம் தெரிந்தது. ஏனென்றால் எனக்குத் தாங்க முடியவில்லை. அப்படியானால் வேதம் பொய், இல்லாவிட்டால் என் விசுவாசம் பொய். ராத்திரி ட்யூட்டியில் இரண்டு மணிக்கு மருந்து டிராலியைப் பிடித்துக்கொண்டு நின்று இதையே யோசித்திருக்கிறேன்.

பிறகு ஒரு நாள், அந்த வாக்கியம் வேதத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினேன். நீங்களும் வீட்டுக்குப் போய்த் தேடிப் பாருங்கள். இல்லை! இருப்பது ஒன்று கொரிந்தியர் பத்தாம் அதிகாரத்தில்: "உங்கள் திராணிக்கு மேலாக நீங்கள் சோதிக்கப்படுகிறதற்கு அவர் இடங்கொடாமல்..." சோதிக்கப்படுகிறதற்கு. தமிழில் 'சோதனை' என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நாம் பாவத்துக்கு இழுக்கிற ஆசையையும் சொல்கிறோம், "என்ன சோதனையோ" என்று கஷ்டத்தையும் சொல்கிறோம். கொரிந்து சபைக்கு அந்த நிருபத்தை எழுதிய பவுல் அங்கே பேசுவது முதலாவதை. முன்னும் பின்னும் படித்தால் தெரியும். வனாந்தரத்தில் இஸ்ரவேலர் விழுந்த கதை முன்னால், "விக்கிரகாராதனைக்கு விலகியோடுங்கள்" என்பது பின்னால். பாவம் செய்யாமல் தப்பிக்க ஒரு வழி எப்போதும் இருக்கும் என்கிறார். கடனைப் பற்றியோ பக்கவாதத்தைப் பற்றியோ அந்த வசனம் பேசவில்லை.

கஷ்டத்தைப் பற்றி அதே பவுல், அதே ஊர்ச் சபைக்கு எழுதிய அடுத்த நிருபத்தில் முதல் அதிகாரத்திலேயே சொல்கிறார். வாசிக்கிறேன்: "பிழைப்போம் என்கிற நம்பிக்கை அற்றுப்போகத்தக்கதாக, எங்கள் பலத்திற்கு மிஞ்சின அதிக பாரமான வருத்தம் எங்களுக்கு உண்டாயிற்று." பலத்திற்கு மிஞ்சின! ஆசியாவில் நடந்தது என்கிறார், என்ன நடந்தது என்று விவரம் சொல்லவில்லை. ஆனால் தாங்க முடியவில்லை என்று ஒரு அப்போஸ்தலர் வெட்கப்படாமல் எழுதி வைத்திருக்கிறார். அதைப் படித்த அன்று நான் அழுதேன். கஷ்டம் குறைந்துவிடவில்லை, வட்டிக்காரர் அன்றைக்கும் வந்தார். ஆனாலும், தாங்க முடியாமல் போனதற்காக நான் கர்த்தரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை என்று தெரிந்தது. அது பெரிய விடுதலை.

இன்னும் ஒருவருக்கும் பாரம் பலத்துக்கு மிஞ்சிப் போயிற்று. இந்த லெந்து நாட்களில் அவரைத்தானே தியானிக்கிறோம். மத்தேயு, மாற்கு, லூக்கா மூன்று பேரும் எழுதியிருக்கிறார்கள்: வழியில் வந்த சிரேனே ஊரானாகிய சீமோனைப் பிடித்துச் சிலுவையைச் சுமக்க வைத்தார்கள். கத்தோலிக்கச் சகோதரிகள் சிலுவைப் பாதையில் ஐந்தாம் நிலையில் இதற்காகவே நின்று ஜெபிக்கிறார்கள். உலகத்தின் பாரத்தையெல்லாம் சுமக்க வந்தவருக்கே அந்த மரத்தைச் சுமக்க வயலிலிருந்து வந்த ஒரு ஆள் வேண்டியிருந்தது. அதற்கு முந்தின ராத்திரி கெத்செமனேயில் அவர் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போய், "என்னோடேகூட விழித்திருங்கள்" என்று கேட்டார். அவர்கள் தூங்கிவிட்டார்கள், அது வேறு விஷயம். கேட்டாரே, அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். நாம் கேட்கிறோமா? "எப்படி இருக்கீங்க சிஸ்டர்?" "கர்த்தருடைய கிருபையால நல்லா இருக்கோம்." முடிந்தது. கிருபையைத் திரைச்சீலையாக்கி வாசலில் தொங்கவிட்டுக்கொள்கிறோம்.

எங்கள் சபையில் ஒரு அக்கா. இந்த ஏற்காட்டில்தான் பிறந்தவர், காப்பித் தோட்டத்தில் பழம் பறித்து வளர்ந்து, கல்யாணமாகிக் கீழே வந்தவர். படிப்பு கிடையாது. ஆஸ்பத்திரிக்கு வந்தார், வசனம் எதுவும் சொல்லவில்லை. தூக்குப்போசியில் ரசம் சாதம் கொண்டுவந்திருந்தார். "நீ சாப்பிட்டியா கண்ணு?" என்று கேட்டார். சாப்பிட்டேனா என்று எனக்கே நினைவில்லை. சாப்பிட வைத்து, "நீ போய்ப் படு, ராத்திரிக்கு நான் உக்காந்துக்கறேன்" என்றார். வராந்தாவில் பாய் விரித்து ஏழு மணி நேரம் தூங்கினேன். அந்த மாதத்திலேயே அதுதான் என் முதல் தூக்கம். மறுநாளும் வந்தார். பதினோரு நாள் வந்தார்.

எலியா தீர்க்கதரிசியின் கதை நமக்கெல்லாம் தெரியும், ஆனால் நாம் கர்மேல் மலையோடு நிறுத்திவிடுவோம். வானத்திலிருந்து அக்கினி இறங்கியதல்லவா, அது பிரசங்கத்துக்கு நன்றாக இருக்கும். அதற்கு அடுத்த அதிகாரத்தில் அதே மனுஷன் ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறான். தேவதூதன் வந்து என்ன சொன்னான்? "நேற்று அக்கினியைப் பார்த்தாயே, இன்றைக்கு அவிசுவாசமா?" என்று கேட்டானா? "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருந்தன. சாப்பிட்டான், திரும்பவும் படுத்துக்கொண்டான். தூதன் கோபித்துக்கொள்ளவில்லை, இரண்டாம் தரமும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். நர்ஸாக நான் சொல்கிறேன், இது நல்ல வைத்தியம். தூக்கமும் சாப்பாடும் இல்லாத மனுஷிக்கு இருட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது.

சாகிற எண்ணம் வந்தால் அதைப் பிசாசின் தந்திரம் என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். டாக்டரிடம் போங்கள். 14416 என்று அரசாங்கத்தின் டெலி மானஸ் மனநல உதவி எண் இருக்கிறது, எந்த நேரமும் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். ஜெபம் பண்ணிவிட்டுப் போன் பண்ணுங்கள், போன் பண்ணிவிட்டும் ஜெபம் பண்ணுங்கள்.

கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம்மில் பாதிப் பேருக்கு மலைபோல நிற்பது அதுதான். எலிசாவிடம் ஒரு விதவை வந்தாள். கடன்காரன் அவளுடைய இரண்டு பிள்ளைகளை அடிமையாகக் கொண்டுபோக நிற்கிறான். தீர்க்கதரிசி அவளிடம் கேட்ட கேள்வி, "வீட்டில் உன்னிடத்தில் என்ன இருக்கிறது?" ஒரு குடம் எண்ணெய். அயல்வீட்டுக்காரரிடம் வெறும் பாத்திரங்களைக் கேட்டு வாங்கச் சொன்னார். அயல்வீட்டுக்குப் போய் நிற்பதென்றால் தன் கஷ்டம் தெருவுக்கே தெரியும். அந்த வெட்கத்தைத் தாண்டித்தான் எண்ணெய் பெருகியது. கடைசியில் என்ன சொன்னார்? எண்ணெயை விற்றுக் கடனைத் தீர்த்து, மீதியில் பிழைக்கச் சொன்னார். கடனைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, கணக்கை முடிக்கச் சொன்னார். நாங்களும் பட்டறைச் சாமான்களையும் வீட்டையும் விற்றுத்தான் முடித்தோம். ஒன்பது வருஷம் ஆயிற்று. அதே சமயம், கந்துவட்டிக்காரர் வாசலில் நின்று மானத்தை வாங்கினால் அதையும் சிலுவை என்று சுமக்காதீர்கள். நம் மாநிலத்தில் கந்துவட்டியைத் தடைசெய்து 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. போலீஸில் புகார் கொடுப்பது அவிசுவாசம் இல்லை. பவுலே இராயனுக்கு அபயமிட்டவர்தான், அதாவது ரோம ராஜாவிடம் மேல்முறையீடு செய்தவர்தான்.

என் மாமனாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் அவர் பரலோகத்தில் கோபித்துக்கொள்வார். வேதத்தில் மல்கியா புஸ்தகத்தில் ஆண்டவர் வெள்ளியைப் புடமிடுகிறவராக வருகிறார் இல்லையா? பிரசங்கியார்கள் ஒரு கதை சொல்வார்கள்: உருகின வெள்ளியில் தன் முகம் தெரிகிறவரைக்கும் தட்டான் பார்த்துக்கொண்டே இருப்பான் என்று. மாமனார் கோவிலிலேயே சிரித்துவிடுவார். "மூஞ்சி தெரியுதான்னு எட்டிப் பாத்தா மூஞ்சிதான் வேகும்!" ஆனால் அந்த வசனத்தில் அவருக்குப் பிடித்த சொல் ஒன்று உண்டு. "அவர் உட்கார்ந்து வெள்ளியைப் புடமிட்டு..." உட்கார்ந்து. "ஆண்டவருக்குத் தொழில் தெரியும்மா. உலையில வெள்ளி இருக்கறப்ப எந்திரிச்சுப் போகக்கூடாது" என்பார். மகன் படுத்த பிறகும் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அதையே சொன்னார். அப்போது சிரிக்கவில்லை.

ஓமலூர்ப் பக்கம் என் அம்மா ஊரில் ரோட்டோரம் ஒரு சுமைதாங்கிக் கல் இருந்தது. இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு பலகைக்கல். தலைச்சுமையோடு வருகிறவள் யாருடைய கையும் இல்லாமல் அப்படியே சரித்து இறக்கி வைக்கலாம், திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். தரையில் இறக்கினால் தனியாக ஏற்ற முடியாது. அந்த உயரம்தான் அதன் சூட்சுமம். ஆட்டோ முதுகிலெல்லாம் "இயேசுவே என் சுமைதாங்கி" என்று எழுதிக்கொள்கிறோம், அதை எதற்காக நட்டார்கள் என்பதை மறந்துவிட்டோம். வயிற்றுப் பிள்ளையோடு ஒரு பெண் செத்துப்போனால், அவள் இறக்க முடியாமல் போன சுமைக்காக வழிப்போக்கர்களுக்கு ஒரு கல் நட்டார்கள். சுமை இறங்காமல் போன துக்கத்தில் இன்னொருவருக்குச் சுமை இறங்குகிறது.

பதினோரு நாள் எனக்காக உட்கார்ந்த அந்த அக்காவின் மகள் தலைப்பிரசவத்தில் போனவள். நான் அதை வெகு காலம் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"உங்க ஜெபத்தில அண்ணன் எழுந்து நடந்தாரா?" என்று கேட்பீர்கள். கோலைப் பிடித்து நடந்தார். வலது கை திரும்பவில்லை. இடது கையால் சாப்பிடக் கற்றுக்கொண்டார், பேச்சு பாதி வந்தது. ஆறு வருஷம் இருந்தார், பிறகு போய்விட்டார். கடன் முடிந்ததைப் பார்க்கவில்லை. அவரை அடக்கம் பண்ணின அன்று நான் ஒப்பாரி வைத்தேன். "விசுவாசிகள் அப்படி அழக்கூடாது" என்று ஒருவர் காதில் சொன்னார். எண்பத்தெட்டாம் சங்கீதத்தை அவர் வாசித்ததில்லை போலிருக்கிறது. அதில் கடைசிவரை விடியவே விடியாது. "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிந்துவிடும், அவ்வளவுதான். அதையும் நம் பாட்டுப் புஸ்தகத்தில் சேர்த்து வைத்திருக்கிற தேவன் என் ஒப்பாரிக்குக் காதைப் பொத்திக்கொள்வாரா?

மணி ஆகிவிட்டது, கீழே போகிற பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் கிளம்புங்கள். மற்றவர்களுக்குப் பின்னால் காப்பி இருக்கிறது. நான் அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். யாருக்காவது எதையாவது சொல்ல வேண்டுமென்றால் வாங்க. வசனம் சொல்லமாட்டேன்.