ஆன்லைன்ல தங்கம், வெள்ளி விக்கற போலி கடையைக் கண்டுபிடிக்கறது எப்படி? ஒரு ஸ்கிரீன்ஷாட்டை வச்சே பார்ப்போம்

வணக்கங்க. இன்னைக்கு தங்க காயின், வெள்ளி பார் விக்கறோம்னு சொல்லிட்டு பணத்தை மட்டும் வாங்கிட்டுப் போற வெப்சைட்டுகளைப் பத்திப் பேசப்போறோம். ஒரு ஸ்கிரீன்ஷாட்ல இருந்து ஆரம்பிக்கறேன்.

[திரையில்: வெள்ளி பார் விக்கற பக்கம், கடை பேரை மறைச்சிருக்கோம்]

எனக்கு ரொம்ப வேண்டிய அண்ணன் ஒருத்தர் இதை அனுப்பி, "தம்பி, இது நல்ல கடைதானான்னு கொஞ்சம் பார்த்துச் சொல்லுப்பா"ன்னு கேட்டாரு. அவர் கேட்டப்போ பணம் கட்டி மூணு வாரம் ஆயிருச்சு. அதான் எனக்கு இன்னும் மனசு ஆறல, கட்டறதுக்கு முன்னாடி அனுப்பியிருந்தா பத்து நிமிஷத்துல சொல்லியிருப்பேன்.

பக்கத்தைப் பாருங்க, ரொம்ப நீட்டா இருக்கு. 100 கிராம் பார், 999 சுத்தம், பளபளன்னு போட்டோ, மார்க்கெட் ரேட்டைவிட 30 சதவீதம் கம்மி, ஷிப்பிங் ஃப்ரீ. கீழ சின்ன எழுத்துல அளவு போட்டிருக்கான் பாருங்க: நீளம் 50 மில்லிமீட்டர், அகலம் 30, கனம் 10. இந்த ஒரு வரி போதும். 5 சென்டிமீட்டர், 3 சென்டிமீட்டர், 1 சென்டிமீட்டர், பெருக்கினா 15 கன சென்டிமீட்டர். வெள்ளியோட அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 10.49 கிராம். அப்ப இந்த சைஸ்ல நிஜ வெள்ளி இருந்தா 157 கிராம் இருக்கணும், அவன் 100 கிராம்னு போட்டிருக்கான். 100ஐ 15ஆல வகுத்தா 6.7 வருது, அது வெள்ளியோட அடர்த்தியே கிடையாது, பித்தளைகூட எட்டுக்கு மேல இருக்கும், இது கிட்டத்தட்ட துத்தநாகக் கலவை ரேஞ்சு. அதாவது ஏதோ ஒரு ஷோ பீஸோட போட்டோவும் அளவும் எங்கிருந்தோ எடுத்துப் போட்டிருக்காங்க. பக்கத்துல அளவு கொடுத்திருந்தா இந்தக் கணக்கை நீங்களும் போட்டுப் பாருங்க, தங்கத்துக்கு 19.3, பிளாட்டினத்துக்கு 21.45.

சரி, கணக்கெல்லாம் போட வராதுங்கறவங்களுக்கு அந்த 30 சதவீதம் டிஸ்கவுண்ட் ஒண்ணே போதும். இதைக் கொஞ்சம் நிதானமா சொல்றேன், ஏன்னா எல்லாரும் ஏமாறற இடம் இதுதான்.

துணிக்கடைல டிஸ்கவுண்ட் போடறாங்கன்னா காரணம் இருக்கு, ஃபேஷன் போயிரும், ஸ்டாக் தேங்கிரும், குடோன் வாடகை ஏறிட்டே இருக்கும். போன் விக்கறவங்களும் அப்படித்தான், புது மாடல் வந்தா பழசை யாரும் தொடமாட்டாங்க. தங்கத்துக்கு இது எதுவுமே கிடையாது. பத்து வருஷத்துக்கு முன்னாடி அடிச்ச காயினா இருந்தாலும் அதுல இருக்கற தங்கம் இன்னைக்கு ரேட்டுக்குத்தான் போகும். உலகத்துக்கே பொதுவா ஒரு ரேட் ஓடிட்டே இருக்கு, அதைத்தான் ஸ்பாட் ரேட்னு சொல்றோம். லண்டன்ல எல்.பி.எம்.ஏ.ன்னு, அங்க இருக்கற தங்கம் வெள்ளி வியாபாரிங்க சங்கத்தோட பேர்ல வர்ற தங்க விலைய லண்டன் நேரத்துக்கு காலைல 10:30க்கும் மதியம் 3 மணிக்கும் ஏலம் மாதிரி நடத்தி நிர்ணயம் பண்றாங்க, வெள்ளிக்கு மதியம் 12 மணிக்கு ஒரே தடவை. உண்மையிலேயே கையில நல்ல தங்கம் வச்சிருக்கற ஒரு வியாபாரி இன்னொரு மொத்த வியாபாரிக்கு ஒரு போன் போட்டா ஸ்பாட் ரேட்டை ஒட்டியே அன்னைக்கே வித்துரலாம். அவன் எதுக்குங்க முன்னப்பின்ன தெரியாத உங்களுக்கு 30 சதவீதம் நஷ்டத்துல விக்கணும்? ஸ்டாக் கிளியரன்ஸ், கடை மூடறோம், சீசன் ஆஃபர்னு அவன் சொல்ற எந்தக் காரணமும் இந்தப் பொருளுக்கு ஒட்டாது.

நிஜ கடைல ஸ்பாட் ரேட்டுக்கு மேலதான் விலை இருக்கும். அந்தக் கூடுதலுக்குப் பேர் பிரீமியம், காயின் அடிக்கற கூலி, இன்சூரன்ஸ், அவங்க லாபம் எல்லாம் அதுக்குள்ள அடங்கும். 1 கிராம் பீஸுக்கு பிரீமியம் சதவீதம் ஜாஸ்தியா இருக்கும், 100 கிராம் பாருக்குக் கம்மியா இருக்கும், ஏன்னா ரெண்டையும் செய்யற வேலை கிட்டத்தட்ட ஒண்ணுதான். போலி கடைக்காரனுக்கு இது தெரியாது இல்லைனா கவலையே இல்ல, 1 கிராமுக்கும் 30 சதவீதம் கம்மி, 1 கிலோவுக்கும் 30 சதவீதம் கம்மின்னு ஒரே கோடு போட்டிருப்பான். அதைப் பார்த்தாலே தெரியும் இவன் இந்தத் தொழில்ல இல்லன்னு.

ஆனா ஜாக்கிரதையான மோசடிக்காரனும் இருக்கான், அவன் ஸ்பாட் ரேட்டைவிட வெறும் 3 சதவீதம் 4 சதவீதம் கம்மியா வைப்பான், நம்பற மாதிரி. அப்ப கடையையே நோண்டிப் பார்க்கணும்.

அட்ரஸ் பார்ல பூட்டு சின்னம் இருக்கே, அப்ப சேஃப்தானேன்னு அண்ணனும் கேட்டாரு. அந்தப் பூட்டு சொல்றது உங்க பிரவுசருக்கும் அந்த வெப்சைட்டுக்கும் நடுவுல யாரும் எட்டிப் பார்க்க முடியாதுன்னு மட்டும்தான், அந்தப் பக்கம் இருக்கறவன் நல்லவனான்னு அது சொல்லாது. அந்தப் பூட்டு வர்றதுக்கு வேண்டிய சர்டிஃபிகேட் இலவசமாவே கிடைக்குது, திருடனும் வாங்கலாம். ஜனங்க இதைத் தப்பாப் புரிஞ்சுக்கறாங்கன்னுதான் குரோம் பிரவுசர்ல 2023ல அந்தப் பூட்டு ஐகானையே எடுத்துட்டாங்க.

[திரையில்: டொமைன் பதிவு தேதி தேடற பக்கம்]

அடுத்தது டொமைன் வயசு, அதாவது அந்த வெப்சைட் முகவரி பதிவாகி எவ்வளவு நாள் ஆச்சுங்கறது. இன்டர்நெட் முகவரிகளை மேற்பார்வை பண்ற ஐகேன் அமைப்போட லுக்அப் பக்கத்துல வெப்சைட் பேரைப் போட்டா எப்ப பதிவாச்சுன்னு வரும். "முப்பது வருஷ பாரம்பரியம்"னு முகப்புல போட்டிருந்த அந்தக் கடையோட டொமைன் பதிவாகி ரெண்டு மாசம்தான் ஆயிருந்துச்சு. ஆனா இதை மட்டும் நம்பாதீங்க, காலாவதியான பழைய டொமைனை விலைக்கு வாங்கி அதுல கடை போடறவங்களும் இருக்காங்க. அதுக்கு வேபேக் மெஷின் இருக்கு, அதே முகவரில முன்னாடி என்ன இருந்துச்சுன்னு பழைய காப்பியைக் காட்டும். போன வருஷம் வரைக்கும் சைக்கிள் கிளப் பக்கமா இருந்த முகவரி இன்னைக்கு தங்கம் விக்குதுன்னா மேற்கொண்டு யோசிக்கவே வேண்டாம்.

முகவரியோட எழுத்தையும் பொறுமையாப் படிங்க. பேர் பெத்த கடையோட பேர்ல ஒரு ஹைஃபன் சேர்த்து, இல்லனா கடைசில ஸ்டோர், ஷாப்னு ஒட்ட வச்சு அதே கலர் அதே லோகோவோட அச்சு அசலா இன்னொரு கடை போடுவாங்க. ரஷ்ய லிபில ஆங்கில ஏ மாதிரியே இருக்கற ஒரு எழுத்து இருக்கு, அதைப் போட்டு முகவரி வாங்குனா கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதனால மெசேஜ்ல, விளம்பரத்துல வந்த லிங்க்கை அழுத்தாம நீங்களே டைப் பண்ணிப் போங்க. இந்த மாதிரி குளோன் பண்றவன் அசல் கம்பெனியோட பதிவு நம்பரையும் ஆபீஸ் அட்ரஸையும் சேர்த்தே காப்பி அடிச்சிருப்பான், நீங்க அரசாங்கப் பதிவேட்டுல தேடுனா கம்பெனி நிஜமாவே இருக்குன்னுதான் வரும், நிம்மதியாயிருவீங்க. வெப்சைட்ல போட்டிருக்கற நம்பரை விட்டுட்டு, வேற வழில அந்தக் கம்பெனியோட நம்பரைத் தேடி எடுத்து, போன் போட்டு "இந்த வெப்சைட் உங்களோடதுதானா"ன்னு கேளுங்க. ரெண்டு நிமிஷ வேலை.

எனக்கு ரொம்ப உதவற இடம் ஒண்ணு சொல்றேன், ரிட்டர்ன் பாலிசி பக்கம். அதை யாரும் படிக்கமாட்டாங்கன்னு போலி கடைக்காரனும் படிக்காமலேயே ஒட்டியிருப்பான். அண்ணன் அனுப்புன கடைல வெள்ளி பார் விக்கறான், ரிட்டர்ன் பாலிசில "சைஸ் சரியில்லனா 14 நாளுக்குள்ள மாத்திக்கலாம், போட்டுப் பார்த்ததா இருக்கக்கூடாது, சோல் அழுக்காகக்கூடாது"ன்னு இருந்துச்சு. செருப்புக் கடையோட பாலிசி அது. எங்களைப் பத்திங்கற பக்கத்துல இருந்து ஒரு வரிய எடுத்து அப்படியே மேற்கோள் குறிக்குள்ள போட்டு கூகுள்ல தேடுனேன், வேற வேற பேர்ல இதே வரியோட எக்கச்சக்கமா கடைங்க வந்துச்சு.

சில கடை நேரடியா பொய் சொல்லாது, வார்த்தைல விளையாடும், இது ஒருவகைல இன்னும் மோசம், ஏன்னா அப்புறம் கேட்டா "பக்கத்துல போட்டிருந்தோமே"ன்னு சொல்லித் தப்பிச்சுருவான். பிளேட்டட், கிளாட், லேயர்டு, ரெப்ளிகா இதுல எது இருந்தாலும் மேல மட்டும் ஒரு பூச்சு, உள்ள செம்போ பித்தளையோதான். "100 மில்ஸ் .999"னு பாரு மேலயே பொறிச்சிருப்பாங்க, பார்க்கறவங்க 999 சுத்தம்னு நினைப்பாங்க, அது பூச்சைப் பத்தின பேச்சு. ஜெர்மன் சில்வர்ல வெள்ளி துளிகூட கிடையாது, செம்பு, நிக்கல், துத்தநாகம் கலந்தது. அவுன்ஸ்லயும் ஒரு விஷயம் இருக்கு, தங்கம் வெள்ளிக்கு டிராய் அவுன்ஸ், 31.1 கிராம். சாதா அவுன்ஸ் 28.35 கிராம்தான். எடையை கிராம்ல தெளிவாப் போடாத கடைல கேட்டுத் தெரிஞ்சுக்காம வாங்காதீங்க.

இப்ப பணம் கட்டற இடத்துக்கு வருவோம். அண்ணன் முதல்ல அஞ்சு பார் கிரெடிட் கார்டுல வாங்குனாரு. அது கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கடைல இருந்து போன், மரியாதையாப் பேசி, "சார், பேங்க் டிரான்ஸ்ஃபர் பண்ணுனா இன்னும் 2 சதவீதம் குறைக்கறோம், இன்னைக்கு மட்டும்தான்"னு. அவரும் இதைவிட நாலு மடங்கு தொகையை அனுப்பிட்டாரு. நியாயமா ஒண்ணு சொல்லணும், நல்ல கடைங்களும் டிரான்ஸ்ஃபருக்குக் கொஞ்சம் குறைப்பாங்க, ஏன்னா இந்தத் தொழில்ல லாபம் ரொம்ப மெல்லிசு, கார்டு கட்டணமே அதைத் தின்னுரும். அதனால டிரான்ஸ்ஃபர் கேக்கறதே தப்புன்னு சொல்லமாட்டேன். ஆனா அக்கவுண்ட் யார் பேர்ல இருக்குன்னு பாருங்க. கம்பெனி பேர் ஒண்ணு, அக்கவுண்ட் யாரோ ஒரு தனி ஆள் பேர்ல, இல்லனா சம்பந்தமே இல்லாத இன்னொரு நாட்டுல இருந்தா அனுப்பவே கூடாது. கிரிப்டோ மட்டும்தான், கிஃப்ட் கார்டு நம்பரை அனுப்புங்கன்னா அங்கயே முடிச்சுக்குங்க, அந்தப் பணத்தைத் திரும்ப இழுக்க வழியே இல்ல. புதுக் கடைன்னா என்ன ஆனாலும் முதல் ஆர்டர் கார்டுலதான், அதுவும் சின்னதா, பொருள் கைக்கு வந்து சோதிச்சுப் பார்த்தப்புறம்தான் அடுத்தது.

டெலிவரியை இழுத்தடிக்கறதும் ஒரு உத்தி. கார்டுல டிஸ்பியூட் போட, அதாவது கட்டுன பணத்தைத் திரும்பக் கேட்டு பேங்க்ல புகார் கொடுக்க, காலக்கெடு இருக்கு, "சப்ளை டைட்டு சார், இன்னும் எட்டு வாரம்"னு அதைத் தாண்ட வைக்கப் பார்ப்பாங்க. பழைய கடைன்னாலும் இதைக் கவனிக்கணும். அமெரிக்காவுல நார்த்வெஸ்ட் டெரிட்டோரியல் மின்ட்னு பல வருஷமா நடந்த கம்பெனி, ஆர்டர் எடுத்தவங்களுக்குப் பொருள் கொடுக்காம இழுத்துக்கிட்டே போய் 2016ல திவாலாச்சு, புது ஆளுங்க பணத்தை வச்சு பழைய ஆர்டரைச் சமாளிச்சதா வழக்கு, 2021ல அதோட ஓனரை குற்றவாளின்னு தீர்ப்பு சொன்னாங்க. அது நிஜமாவே நாணயம் அடிச்ச கம்பெனிதான்.

பொருள் வந்தா பிரிக்கறதுல இருந்தே வீடியோ எடுங்க, பார்சலை முதல்ல எடை போட்டுக் காட்டுங்க. அப்புறம் ஒரு தராசு மேல டம்ளர்ல தண்ணி வச்சு ஜீரோ பண்ணிட்டு, பாரை நூல்ல கட்டி அடியில படாம முக்குங்க. தராசுல எவ்வளவு கிராம் ஏறுதோ அதான் அதோட கன அளவு. 100 கிராம் வெள்ளின்னா 9.5 ஏறணும், 100 கிராம் தங்கம்னா 5.2. வெள்ளிக்கு இது அருமையான சோதனை. தங்கத்துக்கு மட்டும் ஒரு ஓட்டை இருக்கு, டங்ஸ்டனோட அடர்த்தி 19.25, கிட்டத்தட்ட தங்கமேதான், உள்ள டங்ஸ்டன் வச்சு மேல தங்கம் பூசியிருந்தா தண்ணி சொல்லாது, சுத்தம் பார்க்கற எக்ஸ்ரே மெஷின்கூட மேல்பரப்பைத்தான் படிக்கும். பெரிய பாருக்கு அல்ட்ராசவுண்ட் சோதனை பண்றவங்ககிட்ட கொண்டுபோங்க.

அண்ணனுக்கு அந்த அளவுக்குக்கூட வரல. கார்டுல வாங்குனதுக்கு டிராக்கிங் நம்பர் கொடுத்தாங்க, "டெலிவர்டு"ன்னு காட்டுச்சு, வீட்டுக்கு எதுவும் வரல. கூரியர் ஆபீஸுக்கே நேர்ல போய்க் கேட்டோம், அதே ஊர்ல வேற ஒரு அட்ரஸுக்கு ஏதோ ஒரு கவர் போயிருக்கு, எடை 40 கிராம். அஞ்சு பார்னா அரை கிலோ. அந்த எடைய எழுத்துல வாங்கி, ரிட்டர்ன் பாலிசி ஸ்கிரீன்ஷாட், ஆர்டர் மெயில் எல்லாத்தையும் சேர்த்து பேங்க்ல டிஸ்பியூட் போட்டோம். நீங்க மாட்டுனா முதல் போன் பேங்குக்குத்தான், டிரான்ஸ்ஃபரா இருந்தா மணிக்கணக்குல இல்ல, நிமிஷக்கணக்குல பண்ணணும், அப்புறம் போலீஸ் சைபர் புகார். வெப்சைட் மறையறதுக்குள்ள எல்லாப் பக்கத்தையும் சேவ் பண்ணிருங்க.

ரெண்டு மாசம் கழிச்சு அண்ணனுக்கு இன்னொரு போன் வந்துச்சு. "உங்க பணத்தை மீட்டுட்டோம் சார், ப்ராசஸிங் ஃபீ மட்டும் கட்டுங்க"ன்னு. ஏமாந்தவங்க லிஸ்ட்டை அடுத்தவனுக்கு விக்கறாங்க, அதான் அவர் கட்டுன தொகை, தேதி உள்பட அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. இந்தத் தடவை அண்ணன் லைன்ல இருக்கும்போதே இன்னொரு போன்ல எனக்குக் கூப்பிட்டாரு, கட்டல. கார்டுல போன பணம் திரும்ப வந்துருச்சு. டிரான்ஸ்ஃபர் பண்ணுனது இன்னும் வரல.