நாயகனுக்கு மூச்சு வாங்கட்டும்

மதிப்புக்குரிய நடுவர் ஐயா, சபையோரே, வணக்கம். பழைய குற்றப் படமொன்று இன்றும் விறுவிறுப்பாக இருக்கக் காரணம் திரைக்கதையா, நாயகனின் முதுமையா? முதுமைதான் என்று கதைக்க வந்திருக்கிறேன். எடுத்துக்கொண்ட படம், 1993இல் வந்த ‘இன் த லைன் ஒஃப் ஃபயர்’. அந்த வருடம் யாழ்ப்பாணத்தில் மின்சாரமே இல்லை. எங்களில் பலர் பிந்தித்தான் பார்த்தோம்.

கிளின்ட் ஈஸ்ட்வூட்டுக்கு அப்போது 63 வயது. அமெரிக்க ஜனாதிபதியின் மெய்க்காவலராக வருகிறார். 1963இல் டலஸில் கென்னடி சுடப்பட்டபோது பக்கத்தில் இருந்தும் காப்பாற்றாமற் போனவர். இப்போதைய ஜனாதிபதியையும் கொல்லப்போவதாக ஒருவன் அவருக்கே ரெலிபோன் எடுக்கிறான். அது ஜோன் மல்கோவிச். காருக்குப் பக்கத்தில் ஓடினாலே நாயகனுக்கு மூச்சு வாங்குகிறது.

“இந்த வயசில் கூரை விட்டுக் கூரை பாய்வதை எப்படி நம்புவது?” என்று எதிரணிச் சகோதரி கேட்டார். அம்மா, அவர் பாய்ந்து கரை சேர்ந்தாரா? விளிம்பிலே தொங்கினார். கை கொடுத்தது கொலைகாரன். துப்பாக்கி நாயகன் கையில். சுட்டால் தானும் கீழே. இளம் நடிகர் தொங்கியிருந்தால், எப்படியும் ஏறிவிடுவார் என்று கதிரையில் சாய்ந்திருப்போம்.

சகோதரி புகழ்ந்த, கொலைகாரனின் துப்பாக்கிக்கு வருகிறேன். உலோகமில்லாமல் அவனே செய்தது. சோதனைக் கருவியில் அகப்படாது. குண்டுகள் இரண்டும் சாவிக்கொத்தின் தொங்கலுக்குள். சாப்பாட்டு மேசைக்குக் கீழே, கண்ணால் பாராமல், விரலாலேயே பூட்டுகிறான். அருமையான வேலை, புள்ளி திரைக்கதைக்கே போகட்டும். ஆனால் எங்களுக்கு நெஞ்சு ஏன் பதறுகிறது? முன்னொரு கூட்டத்தில், காய்ச்சலோடு நின்ற நாயகன் பலூன் வெடித்ததை வேட்டு என்று நினைத்துக் கத்திவிட்டார். பாதுகாப்பு அணியிலிருந்தும் விலக்கப்பட்டார். அதற்குப் பிறகு அவர் எதைச் சொன்னாலும், வயசு போய்த் தடுமாறுகிறார் என்றுதானே எடுபடும்? அந்தப் பலூன் இல்லாமல் இந்தத் துப்பாக்கிக்குப் பாதிப் பயம்கூட வராது.

நடிகை ரெனே ருசோவோடு வரும் காதல் வேகத்தைக் குறைக்கிறது. அதற்காக நான் வாதாட மாட்டேன்.

ஆனால் இதைக் கவனியுங்கள். கென்னடி காலத்துக் காட்சிகளுக்குள், ஈஸ்ட்வூட்டின் பழைய படத்து இளமை உருவத்தையே கணினியால் சேர்த்தார்கள். ஒரே மனிதரின் பல வருட மூப்பு கண்முன்னே நிற்கிறது. ஒப்பனைக்கு அது வராது.

திரைக்கதை போதும் என்பவர்கள் இந்த வேடத்துக்கு முப்பது வயது நடிகர் ஒருவரைப் போடட்டும். 1963இல் டலஸில் கடமையில் நின்றவருக்கு 1993இல் எப்படி முப்பது வயது என்று அடுத்துப் பேச வருபவர் சொல்லட்டும், ஐயா.