இரண்டு கத்தி, ஒரு கொக்கி: இந்தக் கருவி எதற்கு?

[திரையில்: மேசை மேல் கருவி. ஒரு கை அதை மெதுவாகத் திருப்பிக் காட்டுகிறது.]

இதைக் கொஞ்சம் நன்றாகப் பாருங்கள். மேலே பாதி நிலா வடிவில் தட்டையான ஒரு பலகை. அதன் அடியில் இரண்டு விரல் தடிப்பில் ஒரு கட்டை, அதன் முகம் வெளிப்பக்கமாக வளைந்திருக்கிறது. அந்த வளைவின் நடுவிலிருந்து மூன்று இரும்புகள் எட்டிப் பார்க்கின்றன. இரண்டு, கத்தி முனை மாதிரி கூரானவை. மூன்றாவது, பருந்தின் மூக்குப் போல வளைந்த கொக்கி. மூன்றையும் ஒரு மர ஆப்பு இறுக்கிப் பிடித்திருக்கிறது.

கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய இரும்புச் சாமான் விற்கும் ஒரு கடையில், துருப்பிடித்த ஸ்பேனர்களுக்கு அடியில் கிடந்தது. கடைக்காரருக்கும் இது என்னவென்று தெரியவில்லை. "மரவேலைச் சாமான் தம்பி, அவ்வளவுதான் தெரியும்" என்றார்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா பார்த்துவிட்டு, "திருவலை மாதிரி இருக்கு" என்றார். நல்ல ஊகம்தான். தேங்காயின் உட்பக்கம் வளைவு, இந்தக் கட்டையும் வளைவு. ஆனால் திருவலையில் பற்கள் விளிம்பைச் சுற்றி வரிசையாக நிற்கும். இங்கே ஒரே ஒரு கொக்கி, அதுவும் கட்டையிலிருந்து நகத்தளவுதான் வெளியே வருகிறது. இதை வைத்துத் தேங்காய் துருவ முடியாது. மிருதங்கம் வாசிக்கும் சித்தப்பா, "மேளத்துக்கு உட்பக்கம் குடையிறதுக்கோ?" என்று கேட்டார். அது உண்மைக்கு இன்னும் கிட்டே. அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

எதற்கு என்று தெரியாத ஒரு கருவி கையில் கிடைத்தால், நான் முதலில் பார்ப்பது வெட்டும் இரும்பை. பிடியையும் வடிவத்தையும் செய்தவர் தன் வசதிக்கு மாற்றிக்கொள்ளலாம். வெட்டும் முனையை அப்படி மாற்ற முடியாது. மரம் என்ன கேட்கிறதோ, அந்த முனை அப்படித்தான் இருந்தாக வேண்டும்.

[திரையில்: மூன்று இரும்புகளும் மிக அருகில்.]

சரி, இந்த மூன்று இரும்பும் என்ன சொல்கின்றன? கூரான இரண்டும் ஒன்றுக்கொன்று சமாந்தரமாக நிற்கின்றன. அவை இழுத்த இரண்டு கோடுகளுக்கு நடுவே கொக்கி வருகிறது. அதாவது முதலில் இரண்டு கரையும் அறுபடுகின்றன, அப்புறம் நடுவில் உள்ள மரத்தைக் கொக்கி வாரி எடுக்கிறது. இது காடி வெட்டும் கருவி. பள்ளக் கோட்டுக்குத் தச்சர்கள் சொல்லும் சொல்தான் காடி.

ஆனால் காடி வெட்ட ஒரு குறுகிய உளி போதுமே, முன்னால் இரண்டு கத்தி எதற்கு? மரத்தின் நார் போகும் திசையிலேயே காடி எடுத்தால் அந்தக் கத்திகள் தேவையில்லை. நாருக்குக் குறுக்கே எடுத்தால்தான் தேவை. குறுக்கே போகும்போது நாரை முன்கூட்டியே அறுத்துவிடாமல் கொக்கியைத் தள்ளினால், இரண்டு கரையும் பிய்ந்து சிதறும். ஒரு பலாப் பலகையில் கத்திகளைக் கழற்றிவிட்டுச் செய்து பார்த்தேன், கரை முழுவதும் சிராய். கத்திகளைத் திரும்பப் பூட்டிச் செய்தேன், கோடு சுத்தமாக விழுந்தது.

ஆக, நாருக்குக் குறுக்கே ஒரு காடி.

இப்போது மேலே உள்ள பாதி நிலாப் பலகைக்கு வருவோம். அதன் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு, நடுவில் இலேசாகத் தேய்ந்த பள்ளமும் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் அது ஏதோ ஒரு விளிம்பின் மேல் உட்கார்ந்து வழுக்கியிருக்கிறது. அப்படியானால் காடி அந்த விளிம்பிலிருந்து எப்போதும் ஒரே தூரத்தில் ஓடும். கட்டையின் முகம் வெளியே வளைந்திருப்பதால், வேலை நடந்த இடம் குழிவான ஓர் உட்பக்கம். என் தட்டைப் பலகையில் வைத்தபோது கருவி ஆடிக்கொண்டே இருந்ததற்கும் அதுதான் காரணம்.

மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். உருண்டையான ஒரு பொருள், உள்ளே வெற்றிடம். மரத்தின் நார் மேலிருந்து கீழாக நிற்கிறது. வாய்ப் பக்க விளிம்புக்குச் சற்றுக் கீழே, உட்பக்கமாக, சுற்றிவர ஒரு காடி. மேளம் இதில் தோற்றுவிடுகிறது, ஏனென்றால் மேளத்தின் தோல் வெளியே வாயின் மேல் படிகிறது, உள்ளே காடி வேண்டியதில்லை. உள்ளே காடி வேண்டியது, ஒரு தட்டு உள்ளே பொருந்தி நிற்க வேண்டிய இடத்தில்.

பீப்பாய்!

[திரையில்: பீப்பாயின் குறுக்குவெட்டுப் படம். மூடித் தட்டின் விளிம்பு காடிக்குள் நிற்கிறது.]

ஆங்கிலத்தில் இந்தக் கருவிக்குக் குரோஸ் என்று பெயர், அது வெட்டும் காடிக்கும் அதே பெயர்தான். மரத் தொட்டியும் மர வாளியும் செய்கிறவர்களும் இதே வேலையைச் செய்வார்கள்.

பீப்பாயில் பசை கிடையாது, பலகைகளைச் சேர்க்க ஆணியும் கிடையாது. நீளப் பலகைகளை வட்டமாக நிறுத்தி, நடுவே நெருப்பு மூட்டிச் சூடேற்றி வளைத்து, வளையங்களை அடித்து இறக்குவார்கள். பிறகு வாயைச் செதுக்கிச் சமப்படுத்தி, பாதி நிலாப் பலகையை அந்த வாயின் மேல் வைத்து, இந்தக் கருவியை உள்ளே சுற்றிச் சுற்றித் தள்ளுவார்கள். காடி விழுந்துவிடும்.

அடுத்து வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். மூடித் தட்டு காடிக்குள் சரியாகப் பொருந்த வேண்டும். அளவு நாடா இல்லாமல் அதை எப்படி அளப்பது? கவராயத்தைக் காடிக்குள் வைத்து, அடி அடியாக நடத்திச் சுற்றிவருவார்கள். ஆறே அடியில் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பும்வரை கவராயத்தை விரிப்பதும் சுருக்குவதுமாக இருப்பார்கள். ஆறில் முடிந்துவிட்டால், கவராயம் விரிந்திருக்கும் அகலம்தான் வட்டத்தின் ஆரை. பாடசாலையில் வட்டத்துக்குள் அறுகோணம் வரைந்தோமே, அதே கணக்கு. அந்த ஆரையில் தட்டை வெட்டி, விளிம்பை இரண்டு பக்கமும் சரித்துச் சீவி, வளையத்தைத் தளர்த்தி உள்ளே இறக்கி, மீண்டும் இறுக்குவார்கள். உள்ளே திரவம் ஊற்றியதும் மரம் ஊறிப் பருக்கும், இடுக்குகள் தாமாகவே மூடிக்கொள்ளும்.

கொழும்பில் இப்படி ஒரு கருவி கிடைத்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பீப்பாய் என்ற சொல்லே போர்த்துக்கேயரின் பீப்பா என்ற சொல்லிலிருந்து வந்தது. கைவினைஞரை நாம் பாஸ் என்று கூப்பிடுகிறோமே, அது ஒல்லாந்தர் விட்டுப்போன சொல். ஒல்லாந்தர் கொழும்பை 1656 முதல் 1796 வரை வைத்திருந்தார்கள், அவர்களுடைய கம்பனியின் வேலையாட்களில் பீப்பாய் செய்கிறவர்களும் இருந்தார்கள். பிறகு ஆங்கிலேயர் காலத்தில் தேங்காய் எண்ணெயும், பென்சிலுக்குள் வைக்கும் காரீயமும் பீப்பாய்களில் அடைபட்டு இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேறின. இரும்பு டிரம் வந்ததும் அந்த வேலை ஒடுங்கிவிட்டது. சாராயத்துக்கு மட்டும் இன்றும் மரத் தொட்டிகள் இருக்கின்றன. அவை ஹல்மில்ல மரம், தமிழில் சாவண்டலை. திருகோணமலை மரம் என்றும் வெளிநாட்டில் அதற்கு ஒரு பெயர் உண்டு.

[திரையில்: கறுத்துப்போன ஒரு பலகையும் கருவியும் அருகருகே.]

என் ஊகத்தைச் சரிபார்க்க, பழைய மரம் விற்கும் ஒருவரிடம் உடைந்த பீப்பாய்ப் பலகை ஒன்று வாங்கினேன். நுனியிலிருந்து சற்று உள்ளே, நாருக்குக் குறுக்காக, கறை படிந்த ஒரு காடி. பாதி நிலாவை நுனியில் வைத்து, கட்டையை வளைவோடு சேர்த்து அழுத்தினேன். ஆட்டம் நின்றுவிட்டது. கொக்கி காடிக்குள் போய் உட்கார்ந்தது. ஒரு மயிரிழை இடைவெளி மட்டும் மிச்சம், அந்தப் பலகையில் காடி எடுத்தது இதைவிடச் சற்று அகலமான கொக்கியுள்ள வேறொரு கருவி.