அப்பத்தாவின் ஊசிச் சட்டி

(காரைக்குடியில் ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியது)

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, வணக்கம். வாசலில் கும்மாயமும் வெள்ளைப் பணியாரமும் கொடுத்துவிட்டு, உள்ளே சர்க்கரை நோயைப் பற்றிப் பேசச் சொல்கிறீர்கள். சரி, நானும் இரண்டு பணியாரம் சாப்பிட்டுவிட்டுத்தான் மேடையேறினேன்.

எங்கள் வீட்டில் காலையில் காப்பிக்கு முன்னால் அடுப்பில் ஏறுவது அப்பத்தாவின் ஊசிச் சட்டி. கண்ணாடி சிரிஞ்சும் தடித்த ஊசியும் கொதிநீரில் கிடந்து கடகடவென்று ஆடும். முனை மழுங்கினால் ஐயா கல்லில் தீட்டுவார்கள். பிரிட்ஜ் கிடையாது, சர்க்கரைக்குப் போடும் இன்சுலின் மருந்துக் குப்பி வீட்டின் இரண்டாம் கட்டில் மண்பானைக் குளிர்ச்சியில் இருக்கும். அந்த மருந்து மாடு, பன்றியின் கணையத்திலிருந்து எடுத்தது. வெள்ளிக்கிழமை விரதம் தவறாத அப்பத்தாவிடம் அதை யாரும் கடைசிவரை சொல்லவில்லை!

இன்சுலின் வருவதற்கு முன்னால் இருந்தது பட்டினி வைத்தியம்தான். பிள்ளைகள் எலும்பாகிச் செத்தார்கள். 1922 ஜனவரி 11, கனடாவின் டொராண்டோவில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி. மருந்தில் கசடு, போட்ட இடம் கட்டியாகிவிட்டது. காலிப் என்ற வேதியியலாளர் அதைச் சுத்தப்படுத்தித் தந்தார். 23-ம் தேதி மறுபடி போட்டார்கள், சர்க்கரை இறங்கியது. பையன் மேலும் 13 ஆண்டு வாழ்ந்தான். இன்சுலினைக் கண்டுபிடித்த டாக்டர் பான்டிங்கின் கூட்டாளிகளான பெஸ்ட்டும் காலிப்பும் காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்கு எழுதிக் கொடுத்தார்கள். வட்டிக்கணக்கு தெரிந்த ஊர் இது, அதனால்தான் சொல்கிறேன்.

நமக்கு மருந்து கப்பலில் வந்தது. 1948-ல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கென்றே தனிப் பிரிவு தொடங்கினார். 1982-ல் பாக்டீரியாவைக் கொண்டு செய்த மனித இன்சுலின் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அப்புறம் 2003-ல் வோக்கார்ட் கம்பெனி, அடுத்த ஆண்டு பெங்களூரு பயோகான் கம்பெனி என்று இங்கேயே செய்து விற்க ஆரம்பித்தார்கள். மாடு, பன்றிப் பேச்சு மெல்ல ஓய்ந்தது.

ஆனால் "ஊசிக்குப் போனா அவ்வளவுதான்" என்ற பேச்சு மட்டும் ஓயவில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்தும் ஆறு மாதம் தள்ளிப்போட்டு, காலில் புண்ணோடு வருகிறவர்களைப் பார்க்கிறேன். ஊசி அவர்களைக் கெடுக்கவில்லை, அந்த ஆறு மாதம் கெடுத்தது.

இன்னொன்று. சிரிஞ்ச் வாங்கும்போது மூடியைப் பாருங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி, 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். கடைக்காரர் அவசரத்தில் மாற்றிக் கொடுத்தாலும் நீங்கள் திருப்பிக் கொடுங்கள், ஆச்சி.